தலைவலி மெய்ப்பிப்புக் குழு

பிப்ரவரி பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு, பேருந்துக் கால அட்டவணை அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், நகல் எடுக்கும் இயந்திரம் இருந்த அறையில், மூளை அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. கருவி ஒன்று நிறுவப்பட்டது. நகல் இயந்திரம் மாடிப்படிக்கு அடியில் வைக்கப்பட்டது.

மனித குலத்தின் தலைவலி வரலாற்றில் இரண்டே யுகங்கள்தான். அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முந்தையது ஒன்று, பிந்தையது ஒன்று. முந்தைய யுகத்தில் ஒருவர் "தலை வலிக்குது" என்பார். எதிரில் இருப்பவர் "அப்படியா, போய்ப் படுங்க" என்பார். நடைமுறை அவ்வளவுதான். சாட்சி இல்லை, சான்று இல்லை, மூன்று பிரதிகளில் விண்ணப்பம் இல்லை. காய்ச்சலுக்கு வெப்பமானி இருக்கிறது. எலும்பு முறிவுக்குப் படம் இருக்கிறது. தலைவலிக்கு மட்டும் வலிக்கிறவரின் வாய்ச்சொல்லையே நம்பிக்கொண்டு இத்தனை ஆயிரம் ஆண்டுகள் உலகம் எப்படி நடந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

எங்கள் இயக்குநர் இந்த ஊழலைக் கண்டுபிடித்தது ஒரு பழமொழியின் வழியாக. முந்தைய ஆண்டின் விடுப்புக் கடிதங்களை எண்ணி நான் அவரிடம் கொடுத்தேன். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. அதில் இருநூற்று அறுபது தலைவலி. "என்னய்யா இது" என்றார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்களே சார் என்று, ஏதோ சொல்ல வேண்டுமே என்பதற்காகச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"தனக்கு வந்தா தனக்குத் தெரியும். சரி. ஆபீசுக்கு எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே தலைவலி மெய்ப்பிப்புக் குழு அமைக்கப்பட்டது. இயக்குநர் தலைவர். பண்டகக் காப்பாளர் ஓர் உறுப்பினர். கருவியை இயக்குபவர் இன்னோர் உறுப்பினர். இவர் பதினாறு ஆண்டுகள் நகல் இயந்திரத்தை இயக்கியவர், அலுவலகத்தில் எல்லோருக்கும் 'ஜெராக்ஸ்'. புதிய கருவிக்காக மூன்று நாள் பயிற்சி பெற்று வந்திருந்தார். அதில் முதல் நாள் அறிமுகம், மூன்றாம் நாள் சான்றிதழ் வழங்குதல். உறுப்பினர்-செயலர் நான்.

தொடக்க விழாவுக்கு ஒரு நரம்பியல் மருத்துவரை அழைத்திருந்தோம். ஜெராக்ஸ் இயக்குநரின் தலையில் பசை தடவி இருபத்தொரு கம்பிகளை ஒட்டிப் புகைப்படம் எடுத்து முடித்ததும், மருத்துவரை இரண்டு வார்த்தை பேசச் சொன்னோம். அவர் இரண்டுக்கு மேல் பேசிவிட்டார்.

"வலிப்பு மாதிரி விஷயத்துக்கு இதைப் பார்ப்போம் சார். சாதாரணத் தலைவலிக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது. ஆராய்ச்சியில அங்கங்க வித்தியாசம் தெரியுதுன்னு எழுதறாங்க. ஆனா ஒரு ஆளை உட்காரவெச்சு, இவருக்கு இந்தத் தலைவலின்னு சொல்ல அது போதாது. எங்க வலிக்குது, எத்தனை நேரம் இருக்கு, வெளிச்சம் ஆகுதா, குமட்டுதான்னு பொறுமையா கேட்டாலே முக்கால்வாசி தெரிஞ்சிடும்."

"கேட்டா பொய் சொல்லுவாங்களே டாக்டர்" என்றார் இயக்குநர், கம்பிகளோடு.

"அதைக் கண்டுபிடிக்கிறது வேற மெஷின் சார்."

'மருத்துவர் வாழ்த்துரை வழங்கினார்' என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதினேன்.

கருவிக்கான படிவத்தையும் நானே வடிவமைத்தேன். கீழே மூன்று கட்டங்கள்: ஒற்றைத் தலைவலி, இறுக்கத் தலைவலி, இல்லை. மூன்றாவது கட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக வைக்கச் சொன்னார் இயக்குநர். அதிகம் பயன்படப்போவது அதுதான் என்பது அவருடைய தொலைநோக்கு.

அலுவலகம் முழுவதற்கும் பொதுவான இந்த அறிவியல் வெளிச்சம் முதலில் விழுந்தது மூன்றாம் மாடியில், ஒப்புநோக்குப் பிரிவில், இரண்டாம் வரிசை நாற்காலியில். அங்கே இருந்தவரை இளையவர்கள் அக்கா என்பார்கள். பன்னிரண்டு ஆண்டுகளாக எங்கள் ஒப்புநோக்குநர். பேருந்து எண், புறப்படும் நேரம், சேரும் நேரம் என்று பக்கம் பக்கமாக ஓடும் எண்களை அசல் பதிவேட்டோடு வைத்து, ஒரு மர அளவுகோலை வரிக்கு வரி நகர்த்தி, சிவப்புப் பென்சிலால் பிழை பிடிப்பது அவர் வேலை. புறப்படுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்ட பேருந்துகள் எத்தனையோ அவர் கையில் பிடிபட்டிருக்கின்றன. ஒரு முறை ஒரே ஓட்டுநரை ஒரே நேரத்தில் இரண்டு ஊருக்கு அனுப்ப இருந்தோம். அந்த ஓட்டுநர் அவருடைய கணவர் என்பதால் மட்டும் அவர் அதைப் பிடித்ததாக நான் நினைக்கவில்லை.

மாதத்தில் மூன்று நாள், சில மாதம் நான்கு நாள் அவருக்குத் தலைவலி வரும். இடது கண்ணுக்கு மேல் தொடங்கும். வெளிச்சம் ஆகாது, பேச்சு ஆகாது, வாந்தி வரும், மறுநாள் சரியாகிவிடும். இது அவர் சொன்னது. அதாவது, மெய்ப்பிக்கப்படாதது.

அவருடைய மேசைக்கு நேர் மேலே ஒரு பழைய குழல்விளக்கு இருந்தது. உறுமும், நடுங்கும். அதை மாற்றித் தரச் சொல்லி ஒன்றரை ஆண்டில் பதினொரு மனு கொடுத்திருந்தார். வெள்ளைத் தாளில் அந்த விளக்கின் கீழே எண்களைப் பார்த்தால் வரிகள் நீந்துகின்றன என்று நான்காவது மனுவில் எழுதியிருந்தார். எண்கள் நீந்துவதாக வேறு எந்தப் பிரிவிலிருந்தும் புகார் வராததால் அந்த மனு கோப்பில் வைக்கப்பட்டது. மற்றவையும் அதே கோப்பில்தான். எங்கள் அலுவலகத்தில் எதுவும் தொலையாது.

இப்போது புதிய விதி வந்தது. கருவியால் மெய்ப்பிக்கப்படாத தலைவலி விடுப்பு, காரணமற்ற வராமை எனக் கருதப்படும். ஒரு காலாண்டில் அப்படி நான்கு நாள் சேர்ந்தால் ஊழியர் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார். பிப்ரவரி முடிவதற்குள் அவருக்கு இரண்டு நாள் சேர்ந்துவிட்டது. இரண்டு குறிப்பாணைகளையும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, கருவிப் பயன்பாட்டு விதிகளின் பிரதியை ஒரு முறை பார்க்கலாமா என்று கேட்டார். மாலைக்குள் திருப்பித் தந்தார். நான்காம் விதிக்கும் ஏழாம் விதிக்கும் பக்கத்தில் சிவப்பு வட்டம் போட்டு 'முரண்' என்று எழுதியிருந்தார்.

அவர் சொன்னது சரி. நான்காம் விதிப்படி, வலி இருக்கும் நாளிலேயே பதிவு எடுக்க வேண்டும். ஏழாம் விதிப்படி, வலியோடு வருகிறவர் நெற்றியைச் சுருக்குவார், பல்லைக் கடிப்பார், தலையை அசைப்பார். இதெல்லாம் அலைகளைக் கெடுத்துவிடும். ஆகவே வலி உள்ளவர்களைப் பதிவறையில் அனுமதிக்கலாகாது. இரண்டையும் எழுதியவன் நான். ஒவ்வொன்றும் தனித்தனியே படித்தால் நன்றாகவே இருந்தன.

குழு கூடி நான்கு-அ என்ற துணைவிதியைச் சேர்த்தது. வலி வர இருப்பவர் முந்தின நாளே எழுத்து மூலம் தெரிவித்து, எண்ணெய் போகத் தலைக்குக் குளித்து, காப்பியும் மாத்திரையும் இல்லாமல் வந்து, வலி தொடங்கியதற்கும் முகம் சுளிப்பதற்கும் இடைப்பட்ட நேரத்தில் பதிவு செய்துகொள்ளலாம்.

இந்தத் துணைவிதி வெளியான வாரத்தில் அவருடைய கணவர் என்னைப் பார்க்க வந்தார். சீருடையோடு, பேருந்தைப் பணிமனையில் விட்டுவிட்டு நேராக வந்திருந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"சார், அவளுக்கு எப்ப வரும்னு முந்தின நாளே எனக்குத் தெரியும். கொட்டாவியா விடுவா. பின்கழுத்தைப் பிடிச்சுக்குவா. நான் டிவியை நிறுத்திடுவேன். பொண்ணு கதவைப் படார்னு சாத்தாம மெதுவா நடப்பா. எங்க வீட்ல எட்டு வயசுப் பொண்ணுக்குத் தெரியறது உங்க மெஷினுக்குத் தெரியாதா?"

முந்தின நாளே தெரியும் என்பதுதான் என் காதில் விழுந்தது. நான்கு-அ விதிக்காகவே பிறந்த தலைவலி அது. நாற்காலியிலிருந்து எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

"நீங்க வேற" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, அந்த விளக்கை மட்டும் மாற்றிக் கொடுத்தால் மாதத்தில் இரண்டு நாளாவது மிச்சமாகும் என்று தோன்றுவதாகச் சொன்னார். வீட்டில் இருக்கும் ஒரு விளக்கைத் தானே கொண்டுவந்து மாட்டித் தரவும் தயார் என்றார். வெளியார் பொருளை அலுவலகக் கூரையில் மாட்டுவதில் உள்ள சிக்கல்களை விளக்கினேன். இந்த வேலை போனால் எங்களால் தாங்க முடியாது சார் என்று சொல்லிவிட்டுப் போனார். அதைக் குறிப்பில் சேர்க்க இடமில்லை.

மார்ச் ஐந்தாம் தேதி, புதன்கிழமை, ஒப்புநோக்குநர் பதினேழு முறை கொட்டாவி விட்டார். மாலையில் கடிதம் வந்தது. 'நாளை முற்பகல் எனக்குத் தலைவலி வரும் என எதிர்பார்க்கிறேன். இடம்: இடது கண்ணுக்கு மேல். துணைவிதி நான்கு-அவின்படி பதிவு செய்ய ஆவன செய்யக் கோருகிறேன்.'

இயக்குநர் அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தார். எல்லோரும் இப்படித் திட்டமிட்டு வலித்தால் நிர்வாகம் எவ்வளவு சுலபம் என்று நெகிழ்ந்தார்.

மறுநாள் ஒப்புநோக்குநர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். சொன்ன நாள், சொன்ன கண், சொன்ன வேளை. எங்கள் பேருந்துகள்கூட அவ்வளவு நேரம் தவறாமல் வந்ததில்லை. ஜெராக்ஸ் அவரைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, ஈரத் தலையில் வகிடு வகிடாகப் பிரித்துப் பசை வைத்து, இருபத்தொரு கம்பிகளையும் ஒட்டினார். நான் படிவத்தோடு நின்றேன். முகத்துக்கு எதிரே ஒரு விளக்கை விட்டு விட்டு மின்னச் செய்ய வேண்டும் என்பது பயிற்சியின் இரண்டாம் நாள் பாடம்.

"அண்ணே, அந்த லைட்டை மட்டும் நிறுத்துங்களேன்" என்றார் ஒப்புநோக்குநர். கண் மூடியிருந்தது. மூடிய இமைக்குள்ளிருந்து நீர் வடிந்தது.

"இன்னும் ரெண்டே நிமிஷம்கா. அசையாதீங்க."

"அசையல."

இரண்டு நிமிடம் முடிவதற்குள் காகிதக் கூடையில் வாந்தி எடுத்தார். அப்போதும் தலை அசையாமல் பார்த்துக்கொண்டது அவருடைய தொழில் நேர்த்திக்குச் சான்று. படிவத்தில் 'ஒத்துழைப்பு: மிதம்' என்று குறித்தேன்.

பதிவு பிரமாதமாக வந்திருந்தது. பட்டையான, சீரான, ஓயாத அலை. இருபத்தொரு கோட்டிலும் ஒரே மாதிரி. சீப்பால் வாரிவிட்டதுபோல் இருந்தது. ஜெராக்ஸ் பயிற்சிக் கையேட்டைப் புரட்டினார். இவ்வளவு திடமான அலை அதில் எந்தப் பக்கத்திலும் இல்லை. ஆகவே இது இதுவரை அறியப்பட்டதிலேயே பெரிய தலைவலியாகத்தான் இருக்க வேண்டும் என்று குழு முடிவு செய்தது. முதல் கட்டத்தில் இயக்குநர் தம் கையாலேயே குறியிட்டார். மெய்ப்பிக்கப்பட்ட ஒற்றைத் தலைவலி, வரிசை எண் ஒன்று. நற்செய்தியைச் சொல்ல மூன்றாம் மாடிக்கு ஆளனுப்பினோம். ஒப்புநோக்குநர் அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். தொலைபேசியில் கணவரிடம் சொன்னேன். அவர் தாழ்ந்த குரலில் "தூங்கறா சார். எழுந்ததும் சொல்றேன். ரொம்ப நன்றி சார்" என்றார்.

அந்த நன்றி ஒரு நாள்தான் செல்லுபடியானது.

வெள்ளிக்கிழமை, நோயுற்ற மூளைக்குப் பக்கத்தில் நலமான மூளை ஒன்றின் பதிவையும் சட்டம் போட்டு மாட்டினால் பார்ப்பவர்களுக்கு வேறுபாடு விளங்கும் என்று இயக்குநர் கருதினார். நலமான மூளைக்குத் தம்முடையதையே மனமுவந்து அளித்தார். பசை, கம்பி, பதிவு. தாள் வெளியே வந்ததும் ஜெராக்ஸ் அதை முந்தின நாள் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். பட்டையான, சீரான, ஓயாத அலை.

"எனக்கா?" என்றார் இயக்குநர். "எனக்குத் தலைவலியே வந்ததில்ல. கொடுத்துத்தான் பழக்கம்."

என் தலையில் ஒட்டிப் பார்த்தார்கள். அதே அலை. பண்டகக் காப்பாளருக்கும் அதே. குழு முழுவதும் கடுமையான ஒற்றைத் தலைவலியால் அவதிப்படுவது வெளிப்பட்டது. நாங்கள் ஒருவரை ஒருவர் பரிவோடு பார்த்துக்கொண்டோம். ஜெராக்ஸ் மட்டும் மேசையிலிருந்த, தாள் எண்ணுவதற்கு விரலை ஈரமாக்கிக்கொள்ளும் பஞ்சை எடுத்து, அதன்மேல் கம்பிகளை வைத்தார். பஞ்சுக்கும் தலைவலி. அவர் அண்ணாந்து பார்த்தார். எழுந்து போய் விளக்கின் சுவிட்சை அணைத்தார். அலை நின்றது. போட்டார். வந்தது.

"சார்" என்றார் இயக்குநரைப் பார்த்து, "இது அக்காவோட அலை இல்ல. ட்யூப்லைட்டோட அலை."

அவசரக் கூட்டம் நடந்தது. அந்த அறையின் குழல்விளக்கும் அதன் பழைய சோக்கும் கருவிக்குள் புகுந்து குளறுபடி செய்கின்றன என்பது ஏகமனதாக ஏற்கப்பட்டது. வரிசை எண் ஒன்று ரத்து செய்யப்பட்டது. வியாழக்கிழமை வராமை மூன்றாவதாகக் கணக்கில் சேர்க்கப்பட்டது. அன்று அவர் வந்திருந்தார் என்பதை நான் சுட்டிக்காட்டினேன். வந்தது பதிவறைக்கு, இருக்கைக்கு அல்ல என்று தலைவர் தெளிவுபடுத்தினார். அடுத்து, இப்படிப்பட்ட விளக்கின் கீழ் நுட்பமான ஒரு கருவியை இருபத்தைந்து நாள் வைத்திருந்தது மன்னிக்க முடியாத அலட்சியம் என்று இயக்குநர் உண்மையாகவே வருந்தினார். நல்ல விளக்கு உடனே வேண்டும் என்றார்.

பண்டகக் காப்பாளர் தயங்கினார். "ஸ்டோர்ல ஒண்ணே ஒண்ணு இருக்கு சார். ஆனா அது ஒப்புநோக்குப் பிரிவு அம்மாவுக்குன்னு போன வாரம்தான் வந்தது. பதினொரு மனு."

"மனுஷங்க பழகிக்குவாங்க. மெஷின் பழகாதுய்யா."

நாற்பது நிமிடத்தில் மாற்றினார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் அலுவலக வரலாற்றில் ஒரு விளக்கு இவ்வளவு விரைவாக மாற்றப்பட்டதில்லை என்று குறிப்பில் பதிந்தேன். கழற்றிய விளக்கை வீணாக்காமல், சோக்கோடு மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோய், ஒப்புநோக்குநரின் மேசைக்கு மேல் இருந்ததை எடுத்துவிட்டு இதை மாட்டினார்கள். அவர் கேட்டது விளக்கை மாற்றித் தரச் சொல்லித்தானே. பதினொரு மனுக்களிலும் 'மாற்றப்பட்டது, கோப்பு முடிக்கப்பட்டது' என்று முத்திரை குத்தினேன்.

திங்கட்கிழமை அவர் மேலே பார்த்தார். பிறகு என்னைத் தேடி வந்தார்.

"சார், இது மெஷின் ரூம்ல இருந்த விளக்குதானே?"

ஆமாம் என்றேன்.

"மெஷினுக்கு ஆகாதது எனக்கு ஆகுமா சார்?"

சிறந்த கேள்வி என்றும், எழுத்து மூலம் கொடுத்தால் குழுவில் வைப்பதாகவும் சொன்னேன். அவர் சிரித்தார் என்று நினைக்கிறேன். பன்னிரண்டாவது மனு வரவில்லை.

அன்றே புதிய விளக்கின் கீழ் அவருக்கு இரண்டாம் பதிவு எடுக்கப்பட்டது. அன்று அவருக்கு வலி இல்லை. ஏழாம் விதி முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டது. அலைகள் அமைதியாக, அழகாக, குளத்து நீர்போல் இருந்தன. மூன்றாம் கட்டத்தில் குறியிட்டோம்: இல்லை. மார்ச் இருபதாம் தேதி அவர் வரவில்லை. அது நான்காவது.

இருக்கை மாற்றித் தந்தாலாவது போதும் என்று கணவர் ஒரு முறை வந்து கேட்டார். நலமானவருக்கு எதற்கு இருக்கை மாற்றம் என்று பதிவுத் தாளைக் காட்டினேன். அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். பேருந்துக்கு முன்னால் ஓடும் சாலையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

விடுவிப்பு ஆணை ஏப்ரல் பதினைந்தாம் தேதி தயாரானது. குழு உறுப்பினர்கள் நால்வரும் படித்துக் கையெழுத்திட்டோம். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒப்புநோக்குநர் மர அளவுகோலை எடுத்து முதல் வரியின் கீழ் வைத்தார். வரிவரியாக நகர்த்தினார். ஐந்தாம் வரியில் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுத் தாளை என்னிடம் திருப்பித் தந்தார். 'ஏப்ரல் 31 பிற்பகல் முதல்' என்று இருந்தது.

"ஏப்ரலுக்கு முப்பது நாள்தான் சார். திருத்திக் கொடுங்க, வாங்கிக்கறேன்."

திருத்திக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். முப்பதாம் தேதி அளவுகோலையும், பூதக்கண்ணாடியையும், பாதி தேய்ந்த சிவப்புப் பென்சிலையும் ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொண்டு போனார்.

கருவி இப்போது மிகச் சிறப்பாக இயங்குகிறது. ஆறு பிரிவுகளிலிருந்து அறுபத்து மூன்று பேருக்குப் பதிவு எடுத்திருக்கிறோம். அறுபத்து மூவரும் மூன்றாம் கட்டம். அதன்பின் ஒரு தலைவலி விடுப்புக் கடிதம்கூட வரவில்லை. தலைவலி ஒழிக்கப்பட்ட முதல் அலுவலகம் என்று எங்களைப் பற்றி எங்கள் அலுவலக இதழில் வந்திருக்கிறது. ஒப்புநோக்குநர் பணியிடம் நிரப்பப்படவில்லை. அந்தப் பொறுப்பைக் கூடுதலாக நான் பார்க்கிறேன். இருக்கை, இரண்டாம் வரிசை. விளக்கு அதே விளக்கு.

ஜூன் ஒன்றாம் தேதி புதிய கால அட்டவணை வெளியானது. அதன்படி பதினான்காம் எண் பேருந்து மத்திய நிலையத்திலிருந்து 25.40க்குப் புறப்படுகிறது. அன்று காலை அந்தப் பேருந்தின் ஓட்டுநர் எனக்குத் தொலைபேசியில் பேசினார். மனைவி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். வீட்டில் இருக்கிறாள், கொஞ்சம் பரவாயில்லை, வீட்டு விளக்கு நடுங்காது என்றார். பிறகு கேட்டார்.

"சார், அட்டவணைப்படி நான் எப்ப வண்டியை எடுக்கறது?"

எழுத்து மூலம் கேட்கச் சொன்னேன்.

அந்தப் பக்கம் ஒப்புநோக்கப்பட்டது மே ஒன்பதாம் தேதி. கீழே இருப்பது என் கையொப்பம். அன்று காலையிலிருந்து எனக்கு இடது கண்ணுக்கு மேல் வலி. மதியம் மாடிப்படிக்கு அடியில், நகல் இயந்திரத்துக்குப் பின்னால், கண்ணை மூடிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பதிவில் இல்லை.